தொழிற்சாலை இன்க்ஜெட் அச்சு: துளி பிரிவதிலிருந்து பக்கெட்டில் திகதி விழும் வரை

கந்தளாய் அரிசி, தம்பலகாமத்துத் தயிர், கொட்பேயில் இறங்கிய மீனில் போட்ட கருவாடு, குடிநீர்ப் போத்தல் என்று எதைப் பொதி செய்து கடைக்கு அனுப்பினாலும் உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், விலை ஆகியவை வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பொது சுகாதாரப் பரிசோதகர் பக்கெட்டைக் கையில் எடுத்தால் முதலில் தேடுவது அந்த வரிகளைத்தான். நாளுக்குச் சில நூறு பக்கெட் என்றால் றப்பர் முத்திரையே போதும். ஆயிரக்கணக்கில் போகும்போதுதான் மையைத் துளித்துளியாகப் பீய்ச்சி அச்சிடும் இன்க்ஜெட் இயந்திரம் தேவைப்படுகிறது.

இந்த இயந்திரம் நிற்கும்போதெல்லாம் “பழுது” என்கிறோம். ஆனால் பெரும்பாலும் உதிரிப்பாகம் எதுவும் உடைந்திருக்காது. மை தடித்திருக்கும், ஈரம் புகுந்திருக்கும், மை பீய்ச்சும் தலைப்பகுதியான ஹெட்டில் மை காய்ந்திருக்கும், அல்லது முதல் நாள் யாரோ பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள். ஒரு துளி எப்படிப் பிறந்து எப்படித் திரும்புகிறது என்று தெரிந்துகொண்டால் இந்த நாலையும் நீங்களே கண்டுபிடித்துச் சரிசெய்யலாம். அதனால்தான் கீழே துளிக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

எந்த வேலைக்கு எந்த வகை

தொழிற்சாலையில் காணும் இன்க்ஜெட் நாலு வகை.

தொடர்தாரை வகையில் மை நிற்காமல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். தேவையான துளி மட்டும் பொருளுக்குப் போகும், மற்றவை திரும்பத் தொட்டிக்கே வரும். ஹெட்டுக்கும் பொருளுக்கும் இடையில் 10 முதல் 15 மில்லிமீற்றர் வரை இடைவெளி விடலாம். வளைந்த போத்தல், தகர மூடி, பிளாஸ்டிக் பக்கெட், பி.வி.சி. குழாய் எல்லாவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

வெப்பத்துளி வகையில் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் நுண்ணிய சூடேற்றி மையில் ஒரு குமிழியை உண்டாக்கித் துளியை வெளியே தள்ளும். அரை அங்குல உயரத்துக்கு, 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வரை மிகத் தெளிவாக அச்சாகும். பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை, கார்ட்ரிட்ஜை மாற்றினால் மை வெளிவரும் துளையான நொசிலும் புதிதாகிவிடும். ஆனால் பொருள் ஹெட்டிலிருந்து 1 முதல் 3 மில்லிமீற்றருக்குள் தட்டையாக ஓட வேண்டும். தயிர்ச்சட்டியின் வாயைக் கட்டும் கடதாசி, அட்டைப் பெட்டி, லேபிள் போன்ற மை உறிஞ்சும் பரப்புகளுக்கு நீர் சார்ந்த மையோடு இதைவிட நல்ல தெரிவு இல்லை. சிறு தயிர் உற்பத்தியாளர் ஒருவருக்குத் தொடர்தாரை இயந்திரம் விற்கப்படுவதைப் பார்த்தால் மனம் பொறுக்காது. கடதாசியைக் கட்டுவதற்கு முன்பே தட்டையாக ஓடவிட்டு அச்சிட்டால் மிகக் குறைந்த செலவில் வேலை முடியும்.

வால்வு வகையில் சின்னச் சின்ன மின்காந்த வால்வுகள் திறந்து மூடிப் பெரிய துளிகளை விடும். சீமெந்து, மாவு மூடைகளில் தூரத்தில் நின்றே வாசிக்கக்கூடிய பெரிய எழுத்து இந்த வகைக்கு உரியது. பீசோ வகையில் மின்சாரம் கொடுத்ததும் வளையும் படிகம் மையைப் பிதுக்கும். பனர் அச்சடிக்கும் இயந்திரம், ஓடு, துணி அச்சு எல்லாம் இதில் அடங்கும். பக்கெட்டில் திகதி போடுகிறவருக்கு இது தேவைப்படாது.

இனி வருவது தொடர்தாரை பற்றியது. உணவு, பானத் தொழிலில் பெரும்பாலானோர் வாங்குவதும் அதுதான், பாடுபடுவதும் அதோடுதான்.

துளி எப்படிப் பிரிகிறது

குழாயை மெல்லத் திறந்தால் நீர் மேலே இழையாக வந்து கீழே துளித்துளியாக உடையும். மேற்பரப்பு இழுவிசைதான் காரணம். தாரையின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 4.5 மடங்கு இடைவெளியில் உடைவதே அதற்கு மிக எளிது என்று ரேலி பிரபு 1878 இல் கணக்கிட்டுக் காட்டினார். 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்வீட், அந்த உடைவைத் தாளத்துக்குக் கட்டுப்படுத்தித் துளிகளுக்கு மின்னேற்றி வளைக்கும் முறையை உருவாக்கினார். இன்றைய இயந்திரமும் அந்த அடிப்படையில்தான் ஓடுகிறது.

எண்களில் பார்ப்போம். நொசில் துளை 60 மைக்ரோமீற்றர், தாரையின் வேகம் செக்கனுக்கு 20 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 ஐ 4.5 ஆல் பெருக்கினால் 270 மைக்ரோமீற்றர். அந்த இடைவெளியில் உடைய, நொசிலின் பின்னால் இருக்கும் பீசோப் படிகம் செக்கனுக்கு ஏறத்தாழ 74,000 தடவை அதிர வேண்டும். ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒரு துளி. துளியின் விட்டம் தாரையின் விட்டத்தைப்போல் 1.9 மடங்கு, அதாவது 113 மைக்ரோமீற்றர் அளவில் இருக்கும்.

துளி பிரியும் இடத்தைச் சுற்றி மின்னேற்றும் தகடு இருக்கிறது. மை மின்கடத்தி என்பதால், தகட்டில் மின்னழுத்தம் இருக்கும் கணத்தில் பிரியும் துளி அதற்கு எதிரான மின்னேற்றத்தை எடுத்துக்கொண்டு போகும். பிறகு அது சில ஆயிரம் வோல்ட் உள்ள இரண்டு வளைப்புத் தகடுகளுக்கு நடுவே பறக்கும். ஏற்றம் கூடிய துளி கூட வளைந்து எழுத்தின் உச்சியில் விழும், குறைந்த துளி அடியில் விழும். ஏற்றமே இல்லாத துளி நேராகப் போய்க் கட்டர் எனப்படும் சேகரிப்புக் குழாய்க்குள் விழுந்து, உறிஞ்சு பம்பினால் தொட்டிக்குத் திரும்பும். மேலும் கீழும் நகர்த்துவது ஹெட்டின் வேலை, பக்கவாட்டில் நகர்த்துவது பக்கெட்டைக் கொண்டுபோகும் கன்வேயரின் வேலை. அதனால்தான் பக்கெட் ஓடாமல் நின்றால் எல்லாத் துளிகளும் ஒரே கோட்டில் விழுகின்றன.

இதில் இரண்டு நுணுக்கங்களை மறக்கக் கூடாது. கட்டர் மையை மட்டும் உறிஞ்சுவதில்லை, கூடவே அறைக் காற்றையும் இழுக்கிறது. அந்தக் காற்று மையிலுள்ள கரைப்பானை ஆவியாக்கிக்கொண்டு போவதால் மை தடிக்கும். இயந்திரம் பாகுத்தன்மையை அளந்து, மேக்கப் எனப்படும் கரைப்பானைத் தானே சேர்க்கும். இரண்டாவது, துளி பிரியும் கணமும் தகட்டில் மின்னழுத்தம் வரும் கணமும் பொருந்த வேண்டும். அதைத்தான் இயந்திரம் “ஃபேஸ்” என்று ஓயாமல் சரிபார்க்கிறது. மை தடித்தாலும், சூடு மாறினாலும், அதிர்வின் வலிமை பிழைத்தாலும் பிரியும் இடம் தள்ளிப்போய் ஃபேஸ் பிழை வரும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஹெட்டின் மூடியைக் கழற்றினால் உயர்மின்னழுத்தம் நின்றுவிடும், தாரை மட்டும் ஓடும். உள்ளே துளிகளின் தாளத்தோடு சேர்ந்து மின்னும் சிறிய விளக்கு இருப்பதால், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் துளிகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். இழை மெலிந்து, கழுத்துப்போல் ஒடுங்கி, மின்னேற்றும் தகட்டின் உயரத்துக்குள்ளேயே அறுபட வேண்டும். அறுபட்ட இடத்தில் பொடித்துளி ஒன்று தனியே நின்றால் அது அடுத்த சில துளிகளுக்குள் பெரிய துளியோடு சேர்ந்துவிடுகிறதா என்று பாருங்கள். சேராமல் பின்தங்கி நின்றால் அந்தப் பொடி அளவுக்கு மீறி வளைந்து தகட்டில் போய் ஒட்டும். மாலையில் ஹெட்டுக்குள் காணும் கறுப்புத் தெறிப்பு அங்கிருந்து வந்ததுதான். அதிர்வு மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்றி, பொடித்துளி இல்லாத நிலையைப் பிடித்து, அந்த எண்ணை இயந்திரத்தின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

மையும் பரப்பும்

பெரும்பாலான விரைவுலர் மைகளின் கரைப்பான் மெத்தில் எத்தில் கீற்றோன். பட்டறையில் எம்.இ.கே. என்பார்கள். ஓரிரு செக்கனில் காயும், பிளாஸ்டிக்கில் பிடிக்கும். மையும் மேக்கப்பும் ஒன்றுக்கொன்று சோடியாக வருவன. மலிவாகக் கிடைத்தது என்று வேறு மேக்கப்பை ஊற்றினால் மையிலுள்ள பிசின் திரிந்து, முதலில் வடிகட்டியும் பிறகு நொசிலும் அடைபடும். அதைத் திரும்பச் சுத்தமாக்க ஆகும் செலவில் பல போத்தல் மேக்கப் வாங்கலாம்.

பொலித்தீன், பொலிப்புரோப்பிலீன் உறைகள் அச்சுக்காகப் பதப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். உறை வாங்கும்போது 38 டைன் அல்லது அதற்கு மேல் கேளுங்கள், பரப்பில் மை எவ்வளவு படரும் என்பதைக் காட்டும் அளவு அது. சோதிப்பதற்கு டைன் பேனை உண்டு. அது இல்லாவிட்டால் ஒரு சொட்டு நீரை உறையில் தேயுங்கள். படர்ந்து நின்றால் நல்லது, உருண்டு ஓடினால் மை ஒட்டாது. மாதக்கணக்கில் களஞ்சியத்தில் கிடந்த உறையில் இந்தப் பதம் இறங்கிப்போயிருக்கும். அச்சிட்டு ஒரு நிமிடத்துக்குப் பின் ஒட்டுநாடாவை ஒட்டி இழுத்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

எண்ணெய்ப் போத்தலென்றால் நிரப்புவதற்கு முன் அச்சிடுங்கள். உறைய வைக்கும் மீன் பக்கெட்டுக்கும் அப்படித்தான்.

நிறுவுதல்

முதலில் எர்த். துளியின் மின்னேற்றம், உயர்மின்னழுத்தம், சென்சர் எல்லாம் இதை நம்பித்தான் இருக்கின்றன. சுவர் பிளக்கில் மூன்றாவது முனை இருப்பதால் மட்டும் எர்த் இருக்கிறது என்று ஆகாது, மின்பணியாளரைக் கொண்டு அளந்து பாருங்கள். கன்வேயரின் இரும்புச் சட்டத்தையும் அதே எர்த்தோடு இணைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை உருளைகளில் உராயும்போது நிலைமின் ஏறும், அது துளியைத் தன் பக்கம் இழுத்து எழுத்தைக் கலைக்கும்.

இரண்டாவது யூ.பி.எஸ். மின்வெட்டின்போது அச்சைத் தொடர்வதற்கல்ல, இயந்திரம் தன் நொசிலைக் கழுவி ஒழுங்காக நிற்பதற்கு. அதற்குச் சில நிமிடங்கள் போதும். ஜெனரேட்டர் உள்ள இடத்திலும் யூ.பி.எஸ். வேண்டும், ஏனென்றால் மின் மாறும் அந்தச் சில செக்கனில் தாரை அறுந்து ஹெட் முழுவதும் மையாகிவிடும்.

மூன்றாவது ஹெட்டைப் பொருத்துதல். கன்வேயரோடு ஒட்டாத தனித் தாங்கியில் பொருத்துங்கள், கன்வேயரின் அதிர்வு எழுத்தில் அலையாகத் தெரியும். பரப்பிலிருந்து 12 மில்லிமீற்றர் இடைவெளியில் தொடங்குங்கள். தூரம் கூடினால் எழுத்து உயரும், கூடவே சிதறும். ஹெட் பொருளுக்கு நேர்ச்செங்குத்தாக இருக்க வேண்டும், சரிந்தால் எழுத்தும் சரியும்.

நாலாவது சென்சரும் என்கோடரும். பொருள் வந்ததைச் சொல்வது சென்சர், கன்வேயரின் வேகத்தைச் சொல்வது என்கோடர். வேகம் மாறாத கன்வேயர் என்றால் என்கோடர் இல்லாமலும் ஓடலாம், ஆனால் போத்தல் நிரப்பும் வரிசையில் வேகம் கூடிக் குறைவதால் அது கட்டாயம் தேவை. பிளாஸ்டிக் போத்தல் ஒளியை ஊடுருவ விடுவதால் சாதாரண ஒளிச் சென்சர் சில போத்தல்களைத் தவறவிடும். தெளிந்த போத்தலுக்கென்று உள்ள சென்சரைக் கேட்டு வாங்குங்கள்.

எழுத்தின் அளவும் வேகமும்

7 புள்ளி உயரம், 5 புள்ளி அகலம் உள்ள எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். உயரம் 3 மில்லிமீற்றர் என்றால் 7 புள்ளிகளுக்கு இடையே 6 இடைவெளி, ஒவ்வொன்றும் 0.5 மில்லிமீற்றர். எழுத்து சப்பாமலும் இழுபடாமலும் இருக்க, அடுத்தடுத்த நிரல்களும் (மேலிருந்து கீழாக விழும் புள்ளி வரிசைகளும்) 0.5 மில்லிமீற்றர் இடைவெளியில் விழ வேண்டும். கன்வேயர் நிமிடத்துக்கு 30 மீற்றர் ஓடினால் செக்கனுக்கு 500 மில்லிமீற்றர், அதாவது செக்கனுக்கு 1,000 நிரல்.

அடுத்தடுத்து மின்னேற்றிய துளிகள் ஒன்றையொன்று தள்ளும் என்பதால் நடுவே ஏற்றமில்லாத காவல் துளி ஒன்று விடப்படும். அப்படியானால் ஒரு நிரலுக்கு 14 துளி. 74,000 ஐ 14 ஆல் பிரித்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 5,280 நிரல், அதாவது நிமிடத்துக்கு 158 மீற்றர் வரை இந்த எழுத்து தாங்கும். இரண்டு வரி போட்டால் அது பாதியாகிவிடும். விற்பனையாளர் சொல்லும் உச்சவேகம் ஒரு வரிக்கா இரண்டு வரிக்கா என்று கேட்டுவிட்டே பணம் கொடுங்கள்.

என்கோடர் சில்லின் சுற்றளவு 200 மில்லிமீற்றர், ஒரு சுற்றுக்கு 2,000 துடிப்பு என்றால் மில்லிமீற்றருக்கு 10 துடிப்பு. 0.5 மில்லிமீற்றர் நிரலுக்கு 5 என்று அமைக்க வேண்டும். எழுத்து அகன்றிருந்தால் இந்த எண்ணைக் குறைத்துப் பாருங்கள். அதோடு றப்பர் சில்லு தேய்ந்து வழுக்குகிறதா என்றும் பாருங்கள்.

தொடங்குவதும் நிறுத்துவதும்

காலையில் இயந்திரத்தைத் தொடங்குவதற்கு முன் ஹெட்டின் மூடியைக் கழற்றி, கீழே உலோகக் குவளையைப் பிடித்து, அதற்குரிய கழுவு கரைப்பானால் மின்னேற்றும் தகடு, வளைப்புத் தகடு, கட்டர் வாய் மூன்றையும் கழுவுங்கள். பஞ்சு நூல் விடாத துணியால் ஒற்றி, முற்றாகக் காயவிடுங்கள். தகட்டில் கரைப்பான் ஈரம் இருக்கும்போதே உயர்மின்னழுத்தத்தைக் கொடுத்தால் பொறி பறந்து இயந்திரம் நின்றுவிடும். கரைப்பானுக்கு அருகே பொறி என்பது வெறும் இடையூறு அல்ல, ஆபத்து. பிறகு தாரையைத் தொடங்கி, அது கட்டர் வாயின் நடுவே விழுகிறதா என்று பார்த்து, மூடியைப் போட்டு, சூடேறச் சில நிமிடம் விட்டு, பழைய உறையில் அச்சிட்டுப் பாருங்கள். திகதியை வாசித்து ஒப்பமிடுவது ஒருவரின் பொறுப்பாக இருக்கட்டும்.

மாலையில் “தாரையை நிறுத்து” என்ற கட்டளையைக் கொடுத்து, இயந்திரம் நொசிலைக் கழுவி முடியும்வரை காத்திருந்து, அதன் பிறகே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். மதிய உணவுக்கு எழும்பும்போது நிறுத்த வேண்டாம். அடிக்கடி நிறுத்தித் தொடங்கினால் ஒவ்வொரு கழுவலுக்கும் மேக்கப் போய் மை மெலிந்துவிடும்.

இங்குள்ள காற்று

பிறநாட்டுக் கையேடு உலர்ந்த, குளிர்ந்த அறையை மனதில் வைத்து எழுதப்பட்டது. திருகோணமலையில் ஆண்டின் நடுப்பகுதியில் கச்சான் காற்று அடிக்கும்போது தகரக் கூரைக்குக் கீழே வெப்பம் ஏறும். கரைப்பான் வேகமாக ஆவியாகி மேக்கப் செலவு கூடும். வெயில் விழாத இடத்தில் இயந்திரத்தை வைத்து, காற்றோட்டமும் கொடுத்தால் அந்தச் செலவு கண்கூடாக இறங்கும்.

வடகீழ்ப் பருவமழைக் காலத்துப் பிரச்சினை வேறு. கட்டர் உறிஞ்சும் ஈரக் காற்றிலுள்ள நீரை எம்.இ.கே. தன்னோடு கலந்துகொள்ளும். நீர் கூடினால் சாயமும் பிசினும் சரியாகக் கரைந்து நிற்காது, ஒட்டும் தன்மை கெடும், வடிகட்டி அடைபடும். ஹெட்டுக்குள் உலர்ந்த காற்றை மெல்லச் செலுத்தும் இணைப்பு பெரும்பாலான இயந்திரங்களில் மேலதிகமாகக் கிடைக்கும். கடற்கரையோரத் தொழிற்சாலைக்கு அதை வாங்கிப் பொருத்துவது வீண் செலவல்ல. கொம்பிரசர் காற்றைக் கொடுப்பதானால் நீரும் எண்ணெயும் பிரிக்கும் வடிகட்டி வழியாகவே கொடுக்க வேண்டும்.

உப்புக் காற்று மின்பலகைகளையும் இணைப்பு முனைகளையும் அரிக்கும். குளிரூட்டும் விசிறியின் பஞ்சு வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவிக் காயவைத்துப் போடுங்கள், கதவைத் திறந்து வைத்து ஓட்டாதீர்கள்.

பனிப்பு இன்னொரு தொல்லை. அறை வெப்பம் 30 பாகை, ஈரப்பதன் 80 வீதம் என்றால் 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். குளிரறையிலிருந்து எடுத்த யோகட் கோப்பையில் எழுத்து வழுக்கிப் போவதற்கு மையைக் குறைசொல்லிப் பயனில்லை. குளிரறைக்குள் போவதற்கு முன் அச்சிடுங்கள். அது முடியாதென்றால் ஹெட்டுக்குச் சற்று முன்னால் காற்றுக்கத்தி வைத்து நீரை ஊதி அகற்ற வேண்டும்.

அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

எழுத்தின் அடிப்பகுதி வெட்டுப்பட்டால் குறைவாக வளையும் துளிகள் கட்டர் விளிம்பில் இடிபடுகின்றன. தாரை நடுவே இருக்கிறதா, கட்டர் வாயில் மை காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தின் உயரம் மட்டும் குறைந்துபோனால் வளைப்புத் தகடு அழுக்காக இருக்கலாம், மை தடித்துத் துளியின் வேகம் மாறியிருக்கலாம்.

கட்டர் பிழை என்று வந்தால் துளி திரும்பி வரவில்லை என்று பொருள். உடனே திரும்பத் தொடங்காதீர்கள், தாரை வெளியே போய்க்கொண்டிருந்தால் தரையெல்லாம் மையாகிவிடும். மூடியைக் கழற்றித் தாரை எங்கே விழுகிறது என்று பார்த்த பிறகே அடுத்த வேலை. தாரை சாய்ந்திருந்தால் நொசில் விளிம்பில் காய்ந்த மை இருக்கும். இயந்திரத்திலுள்ள பின்கழுவல் கட்டளையால் நொசிலுக்குள் கரைப்பானை உறிஞ்ச விடுங்கள். ஊசியோ கம்பியோ நொசிலுக்குள் போகவே கூடாது, 60 மைக்ரோமீற்றர்த் துளையில் ஒரு கீறல் விழுந்தாலே தாரை நிரந்தரமாகச் சாய்ந்துவிடும்.

உயர்மின்னழுத்தம் அடிக்கடி துண்டிக்கப்பட்டால் தகட்டில் மையோ ஈரமோ இருக்கிறது. கழுவிக் காயவைத்த பின்பும் துண்டிக்கப்பட்டால் பொடித்துளியைத் தேடுங்கள்.

எழுத்து மங்கலாக இருந்தால் மை மெலிந்திருக்கிறது, அல்லது பழையதாகிவிட்டது. பாகுத்தன்மைத் திரையில் எண் சரியாக இருந்தும் மங்கல் போகாவிட்டால் தொட்டி மையை மாற்றும் நேரம் வந்துவிட்டது. வடிகட்டிகளை உற்பத்தியாளர் குறித்த மணிக்கணக்கில் மாற்றுங்கள், “இன்னும் ஓடுகிறதே” என்று தள்ளிப்போட வேண்டாம்.

செலவும் பாதுகாப்பும்

24 எழுத்துள்ள ஒரு குறியீட்டுக்கு, எழுத்துக்கு 16 துளி வீதம் 384 துளி தேவை. மேலே சொன்ன அளவிலான துளியில் ஒரு லீற்றர் மை 34 இலட்சம் குறியீடுகளுக்குப் போதும். நாளுக்கு 10,000 பக்கெட் என்றால் ஏறத்தாழ ஒரு வருடம். ஆகவே மை விலையைப் பார்த்து இயந்திரத்தைத் தெரிவு செய்வது பிழையான கணக்கு. மணிக்கு எத்தனை மில்லிலீற்றர் மேக்கப் ஆவியாகிறது, எந்த வெப்பநிலையில் அளந்தது என்று கேளுங்கள். மாதச் செலவு அங்கேதான் இருக்கிறது.

எம்.இ.கே. பூச்சியத்துக்கும் கீழான வெப்பநிலையிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும். அதன் ஆவி காற்றைவிட 2.5 மடங்கு கனமானது என்பதால் தரையோடு படரும், காற்றோட்டம் தரை மட்டத்திலும் இருக்க வேண்டும். அரிசி ஆலை, மாவு அரைக்கும் இடம் என்றால் தூசு பறக்கும் பகுதியிலிருந்து பிரித்த அறையில் இயந்திரத்தை வையுங்கள். பச்சை, நீல நிற நைட்ரைல் கையுறை எம்.இ.கே.க்குத் தாக்குப்பிடிக்காது, பியூட்டைல் றப்பர் கையுறை வேண்டும். கழுவிய கரைப்பானையும் ஊறிய துணியையும் மூடியுள்ள தகரத்தில் சேர்த்து ஒப்படையுங்கள், கானுக்குள் ஊற்றினால் அது நேரே கடலுக்குப் போகும்.

பொங்கலுக்கோ பெருநாளுக்கோ சில நாள் மூடுவதென்றால் வழக்கம்போல் நிறுத்தி, ஹெட்டைக் கழுவிக் காயவைத்து மூடிவிட்டால் போதும். ஒரு வாரத்தைத் தாண்டினால் இடையில் ஒருநாள் வந்து அரை மணிநேரம் தாரையை ஓடவிடுங்கள். மாதக்கணக்கில் மூடுவதானால் மையை வடித்து, குழாய், வடிகட்டி, தொட்டி எல்லாவற்றையும் உரிய கழுவு திரவத்தால் நிரப்பிக் கழுவிவிட்டு மூடுங்கள். திரும்பத் தொடங்கும்போது பழைய போத்தலின் காலாவதித் திகதியைப் பார்க்காமல் மையை ஊற்ற வேண்டாம்.